செக்கிங் மேசைக்கு எதிரே

எனக்கு டிவியைக் கண்டால் ஆகாது என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். சீரியல் ஓடினால் அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவள் நான். அதனால் நான் சொல்வதை யாரும் நம்பாததில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனாலும் சொல்வேன். என் மேசையிலிருந்து என்னை எழுப்பியது ஒரு டிவி. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் நிறைய. அந்தத் துணியை வாங்கி, வெளுத்து, சுற்றி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கம்பெனிகளும் உண்டு. அப்படி ஒரு கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும், சாயங்காலம் அதே முனையில் இறக்கிவிடும்.

சேர்ந்த புதிதில் என்னைக் கழிவுப் பஞ்சு அறையில் போட்டிருந்தார்கள். மிஷினில் இருந்து விழுகிற பஞ்சையும் நூலையும் பிரித்து மூட்டை கட்டுகிற வேலை. அந்தத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இளைப்பு வந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிய காலம் அது. யார் யாரிடமோ கெஞ்சி செக்கிங்குக்கு மாற்றல் வாங்கினேன். மாறிய பிறகுதான் மனுஷி ஆனேன். அதனால் அந்த மேசை எனக்கு வெறும் வேலை இல்லை. அது போனால் நான் திரும்பப் போக வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும்.

செக்கிங் மேசை என்பது கண்ணாடி மேசை. அடியில் டியூப் லைட் எரியும். வெளுத்த துணி ஒரு பக்கத்து உருளையில் இருந்து அவிழ்ந்து, கண்ணாடி மேல் ஓடி, மறுபக்கத்து உருளையில் சுற்றிக்கொள்ளும். காலடியில் ஒரு பெடல். கறை, ஓட்டை, முடி, நூல் முடிச்சு, எது தென்பட்டாலும் பெடலை மிதித்து நிறுத்த வேண்டும். எடுக்க வேண்டியதை எடுத்து, வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். சுற்றி முடித்ததும் அவரவர் நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவோம். அதில் தேதியும் நேரமும் அடித்திருக்கும்.

செக்கிங் என்றால் உற்றுப் பார்ப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் செத்த நேரத்தில் கண் கலங்கிவிடும். துணியின் நடுவில் பார்வையைச் சும்மா போட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை ஓடிக்கொண்டே இருக்கும். அதில் வெள்ளை அல்லாத ஒன்று வந்தால் கால் தானாகவே பெடலை மிதித்துவிடும். மிதித்த பிறகுதான் என்னவென்று பார்ப்போம். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் வந்ததுதான். ஒன்றே ஒன்று வேண்டும். துணியைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்கு எதிரே அசையக்கூடாது.

அப்போது அசைய எதுவும் இல்லை. எங்களுக்கு எதிரே இருந்தது சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவர். ஒரு காலண்டர்கூடக் கிடையாது. பூ வைக்கக் கூடாது, கண்ணாடி வளையல் போடக் கூடாது, கலர் துண்டு தோளில் கிடக்கக் கூடாது. உதிர்ந்து துணியில் விழுந்துவிடும் என்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நேரே வருகிறவள்கூட வாசலிலேயே பூவை எடுத்து டிபன் டப்பா மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். இப்படி ஒரு பூவுக்கே இடம் கொடுக்காத அறையில்தான் கதவு அகலத்துக்கு ஒரு டிவியைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

எங்கேயோ ஒரு பெரிய கம்பெனியில் முதலாளி அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வேலை செய்கிறவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்காக வேலை செய்வார்களாம். டிவிக்கு மேலேயே ஒரு கேமரா. அந்தக் கேமரா எங்களைப் பிடிக்கும், பிடித்ததை அந்த டிவி எங்களுக்கே காட்டும். எங்கள் சூப்பர்வைசர் இதை விளக்கமாகச் சொன்னான். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த தம்பி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். மேலே இருந்து வருவதைக் கீழே சொல்லுகிறவன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

முதல் நாள் முழுக்க நாங்கள் செய்தது, முடி உதிராமல் இருக்கப் போடுகிற தொப்பியைச் சரிசெய்ததுதான். எனக்குத் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை இருக்கிறது என்று அன்றுதான் தெரியும். பக்கத்து மேசைக்காரி தன் கூனல் முதுகைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், செத்த நேரத்தில் மறந்து கூனினாள், மறுபடி பார்த்து நிமிர்ந்தாள். சிரித்துக்கொண்டோம். ரெண்டு நாளில் பழகிவிடும் என்று நினைத்தோம்.

பழகவில்லை. உன் கண்ணை நீதானே அடக்க வேண்டும் என்று கேட்பார்கள், கேட்டார்கள். நியாயம் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் ஒரு ஈ பறக்கட்டும். அந்த ஈயைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டா பார்க்கிறீர்கள்? அசைகிறது, கண் போகிறது. எங்கள் டிவியில் ஒருத்தி மூக்கைச் சொறிந்தால் போதும், எல்லோர் கண்ணும் மேலே போய்விட்டு வரும். போய் வந்த அந்த இடைவெளியில் துணி நிற்காது. அது பாட்டுக்கு ஓடும்.

நான் சும்மா இருக்கவில்லை. தொப்பியின் முன்பக்கத்தை மடித்துப் புருவம் வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டேன். டிவி மறைந்தது, துணி மட்டும் தெரிந்தது. ஒரு நாள்தான் அந்த நிம்மதி. மறுநாளே சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்றான்.

"அக்கா, தொப்பிய மேல தூக்கிக்கோங்க. மொகம் கேமராவுல விழ மாட்டேங்கு."

"மொகம் எதுக்குத் தம்பி? துணியத்தான பாக்கணும்?"

மேலிடத்தில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். டிவியை எங்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டச் சொல்லிக் கேட்டுப் பார் என்றேன். சரி என்று தலையாட்டினான். கேட்டானா கேட்கவில்லையா, தெரியாது. நான் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஆண்டாள் தேர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டார். ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும்தான். எங்கள் கம்பெனியில் அன்று அவசர லோடு. வராதவர்கள் மறுநாளும் வர வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரிக்கு ரதவீதியை ஒட்டித்தான் வீடு. கல்யாணமாகி வந்ததில் இருந்து வடம் தொடாத வருஷம் இல்லை. அன்று காலை வேனில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். தேர் இழுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் பிறந்தது வளர்ந்தது அதே ஊரில். தேர் அன்று எங்கள் வீட்டிலும் விருந்தாள் வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முக்கு வரைக்கும் போய், ஊரோடு ஊராக நின்று பார்த்துவிட்டு, பலூன் வாங்கிக்கொடுத்துக் கூட்டி வருவோம். ஊர் அடைத்துப் போகும் அந்த நாளில் நாங்கள் மட்டும் ராஜபாளையத்தில் வெள்ளைத் துணிக்கு முன்னால்.

அன்று முதலாளியே எங்கள் அறைக்கு வந்தார். அவரும் பக்திமான்தான், நெற்றியில் பளிச்சென்று நாமம். "லீவுதான் விட முடியல. தேர இங்கனயே பாத்துக்கோங்க" என்றார். டிவியில் எங்கள் முகங்கள் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் வந்தது. நேரடி ஒளிபரப்பு. சத்தத்தை அணைத்து வைத்தார்கள், வேலை கெட்டுவிடக் கூடாதாம். பெண்கள் எல்லோரும் முதலாளியை மனதார வாழ்த்தினார்கள். பக்கத்து மேசைக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லீவுக்குப் பதிலாகத் தேரையே கொடுத்துவிட்ட பெரிய மனசு. மோட்டாரை நிறுத்தச் சொல்ல மட்டும் அந்த மனசு வரவில்லை.

துணி ஓடியது. தேரும் ஓடியது. ஒரு முக்கில் தேர் நின்றுபோனது. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார்கள், எடுக்கிறார்கள், ஆட்கள் கையை வீசுகிறார்கள். சத்தமே இல்லாமல் அத்தனை கூட்டம் அலைமோதுவதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். பொறவு பக்கத்து மேசைக்காரி மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, தேரு நவுந்துட்டு."

நான் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். எல்லோரும் தேரைப் பார்த்தார்கள், நான் துணியைப் பார்த்தேன் என்று என் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மறு மாதம் அந்த லோடு அப்படியே திரும்பி வந்தது. வாங்கின இடத்தில் இரும்பைக் காட்டிக்கொடுக்கிற மிஷின் இருக்கிறது. அதில் ஒரு உருளை மாட்டியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் துணியோடு பின்னிக் கிடந்தது தறியில் ஒடிந்த மெல்லிய கம்பித் துண்டு, நகம் அளவு. எங்கள் கம்பெனியில் அந்த மிஷின் கிடையாது. டிவிக்கு இடம் இருந்தது, அதற்கு இல்லை. உருளையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் என்னுடையது.

புண்ணின் மேல் வைக்கிற துணி அது. நான் அதை லேசாக நினைக்கவில்லை. மிஷின் பிடிக்காமல் போயிருந்தால், யாரோ ஒருவரின் காயத்தில் அது இறங்கியிருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்காக அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்வேன் என்று நினைக்க வேண்டாம்.

சூப்பர்வைசர் என்னை மேசையிலிருந்து எழுப்பி முதலாளி அறைக்குக் கூட்டிப் போனான். அங்கேயும் சுவரில் ஒரு டிவி, எங்களுடையதை விடப் பெரியது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கம்பெனி. கேட், குடோன், வெளுப்பு அறை, பேக்கிங் அறை, எங்கள் அறை. முதலாளி அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் டிவிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் டிவியைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.

சூப்பர்வைசர் தேர் அன்று பதிவானதைப் போட்டுக் காட்டினான். அன்று டிவியில் எங்கள் முகத்தை எடுத்துவிட்டுத் தேரைக் காட்டினார்களே தவிர, மேலே இருந்த கேமரா அது பாட்டுக்கு எங்களைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஸ்டிக்கரில் இருந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த உருளை ஓடிய இடத்துக்குச் சரியாக ஓட்டி, அங்கிருந்து போட்டான்.

"நீங்களே பாருங்கக்கா."

பார்த்தேன். அதில் இருந்தவள் நான்தான். தலை குனிகிறது, நிமிர்கிறது, குனிகிறது, நிமிர்கிறது. எனக்கே தெரியாமல் இத்தனை தரமா என்று இருந்தது. அப்புறம் ஒரு நொடியில் அறையில் இருந்த எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்கிறது. தேர் நகர்ந்த நேரம் அதுதான். என் தலையும் நிமிர்கிறது. நிமிர்ந்தது அப்படியே நிற்கிறது. கேமரா டிவிக்கு மேலேயே இருந்ததால், டிவியைப் பார்க்கிறவள் கேமராவையே நேராகப் பார்ப்பாள். ஆக முதலாளி அறையில் நின்றுகொண்டு என்னை நானே நேருக்கு நேர் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழே துணி ஓடிக்கொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நேரம் தலை நிமிர்ந்து இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சரி, அப்படிப் பார்த்தேனே, தேரையாவது பார்த்தேனா? அது எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கம்பியையும் பார்க்கவில்லை, தேரையும் பார்க்கவில்லை.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானம்மா? ஒங்களுக்குமா தேரு?" என்றார். சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பதிவை நிறுத்தித் திரையைப் பழையபடி கட்டங்களுக்கு மாற்றினான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமியைப் பார்க்கப் போகவில்லை, அசைந்ததைப் பார்க்கப் போனது என் கண் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த இடத்தில் நான் எதைச் சொன்னாலும் வேறாகிவிடும். தேரைக் காட்டியது தப்பு என்று சர்ச்சுக்குப் போகிற ஒருத்தி சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்து மேசைக்காரியே அப்புறம் என்னோடு பேச மாட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். தேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, டிவியைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டிவி வருவதற்கு முன்னால் என் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு துணிகூடத் திரும்பியதில்லை என்றேன். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டதையும், அதைத் தூக்கச் சொன்னதையும் சொன்னேன். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தான். அந்தப் பதிவில் என் தலை மட்டுமா நிமிர்ந்தது, அறையே நிமிர்ந்ததே என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே முதலாளி முகத்தைப் பார்த்தேன். அவர் கண் என் மேல் இல்லை. என் தோளுக்குப் பக்கத்தில், டிவியில் இருந்தது. கேட் கட்டத்தில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் வேப்பமரக் கிளை தாழ்ந்து கிடந்தது.

அவர் போனை எடுத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, வண்டி மரத்தில் இடிக்கப் போகிறது, கண்ணு எங்கே இருக்கிறது என்று சத்தம் போட்டார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொன்னீங்க?"

மறுபடியும் முதலில் இருந்து எனக்குச் சொல்லத் தெம்பில்லை. "அந்த டிவிய மட்டும் அணைச்சிருங்க சார். நான் பழையபடி பாத்துத் தாரேன்" என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. அவர் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மறுபடி லாரிக்குப் போய்விட்டது.

"கவனந்தாம்மா முக்கியம்" என்றார், லாரியைப் பார்த்துக்கொண்டே. "அது இல்லாதவங்கள அங்கன உக்கார வைக்க முடியாது. கழிவுப் பஞ்சு ரூம்ல எடம் இருக்கு, நாளையில இருந்து அங்க பாருங்க."

கழிவுப் பஞ்சு என்று கேட்டதுமே சுவரில் சாய்ந்து தூங்கிய ராத்திரிகள் ஞாபகத்துக்கு வந்தன. அழக்கூடாது என்று நானும் டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் அறைக் கட்டம் என் கண் மட்டத்தில் இருந்தது. என்னை எழுப்பிக் கூட்டிவந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அதற்குள் என் மேசையில் வேறொரு பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவள். தொப்பி காது வரைக்கும் இறங்கிக் கிடந்தது. துணி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை தலையைத் தூக்கியது. தூக்கி, நேராக எங்களைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"சார், அங்க பாருங்க" என்றேன்.

"ஆமாம்மா" என்றார். "லாரி உள்ள வந்துட்டு."

நான் கழிவுப் பஞ்சு அறைக்குப் போகவில்லை. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் ஒரு டிவி நாள் முழுக்க ஓடுகிறது, ஆனால் பெட்டி மடிக்கக் கண் தேவையில்லை. அன்று என் தொப்பியைக் கழற்றி முதலாளியின் மேசை மேல், அவர் கைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.